இடுப்பில் ரிவால்வர்: ஆசை சரி, லைசென்சு?

ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு, வசூல் பையோடு சாந்தோம் நெடுஞ்சாலையில் போகிற வியாபாரிக்கு அந்த எண்ணம் வருவது சகஜம்தான்: இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தால்?

சினிமாவில் வருகிற மாதிரி இஷ்டத்துக்கு வாங்க முடியாது. 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை. கிடைப்பது பெரும்பாலும் .32 ரகம்தான். பெண்களுக்கென்று 2014-ல் கான்பூர் அரசு ஆலை கொண்டுவந்த 'நிர்பீக்' ரிவால்வரும் அதே ரகம். எடை அரைக் கிலோ. விலை அப்போதே லட்சத்துக்கு மேல்!

அதற்கும் முன்னால் லைசென்சு. வேப்பேரி கமிஷனர் ஆபீசில் மனு, பிறகு போலீஸ் விசாரணை. உயிருக்கு ஆபத்து என்று காரணம் காட்ட வேண்டும். சும்மா "பயமா இருக்கு சார்" என்றால் நடக்காது.

கிடைத்தாலும் வெளியே தெரியக் கூடாது. உறைக்குள் முழுக்க மூடியிருக்க வேண்டும் என்பது 2016 ஆயுத விதி. பைக்கில் வருகிறவன் பையைப் பறித்தால்? உறையைத் திறப்பதற்குள் அவன் பட்டினப்பாக்கம் தாண்டியிருப்பான். சுட்டாலோ, குண்டு யார் மேல் பாயுமோ!

தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்; பாங்கு காவலாளி போன்ற சிலருக்கே விலக்கு. அந்த நாட்களில் வியாபாரி வெறும் இடுப்போடுதான் போக வேண்டும். பையில் 50 ஆயிரத்துக்கு மேல் இருந்தால், பறக்கும் படைக்கு ரசீதும் காட்ட வேண்டும்.