எச்சரிக்கை விளக்கு சொல்வது என்ன?

இக்காலத்து மோட்டார் வண்டியின் சுக்கானைத் திருப்புவதற்குத் தோள்வலி வேண்டுவதில்லை; சிறுவிரலாற் சுழற்றினும் முன்சில்லுகள் பணிந்து திரும்பும். அவ்வெளிமையைத் தருவது, சுக்கான் தண்டினருகே மறைந்திருக்கும் ஒரு மின்மோட்டர். அது தன் தொழிலை நிறுத்திவிட்டால் சுக்கான் கல்லாய்க் கனக்கும். கண்முன்னே ஒரு விளக்கும் எரியும். "தொகுதி முழுவதையும் மாற்றவேண்டும்" என்ற தீர்ப்பை அவ்வேளையிற் கேட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கென வைத்த பணத்தை எடுத்துக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. அத்தீர்ப்புச் சரியானதா என்பதை அறியும் வழி யாது?

முதலில் இக்கருவி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். 1988 ஆம் ஆண்டில் யப்பானின் சுசுக்கி நிறுவனம் 'சேர்வோ' என்னும் சிறு வண்டியில் மின்சுக்கானை அமைத்தது. இன்று இலங்கைத் தெருக்களில் ஓடும் சிறு யப்பானிய வண்டிகள் பலவற்றில் அதன் வழிவந்த அமைப்பே உள்ளது. நாம் சுக்கானைத் திருப்பும்போது தண்டினுள் இருக்கும் மெல்லிய கோலொன்று சிறிது முறுகும். அம்முறுக்கின் அளவை ஓர் உணரி கணினிக்கு அறிவிக்கும். கணினி வண்டியின் வேகத்தையும் நோக்கி, மோட்டருக்கு எவ்வளவு மின் அனுப்பலாம் எனத் தீர்மானிக்கும். மெதுவாகச் செல்லுங்கால் உதவி மிகும். விரைந்து செல்லுங்கால் குறையும்.

இம்மோட்டரின் மின்பசி பெரிது. நின்ற வண்டியின் சில்லுகளைத் திருப்புகையில் அது பல பத்து அம்பியர் மின்னை இழுக்கும். ஆதலின் பற்றறி சோர்ந்திருந்தால் முதலில் முறையிடுவது பெரும்பாலும் சுக்கானே. ஆகவே பரிசோதனையையும் பற்றறியிலிருந்தே தொடங்குதல் முறையாகும். எஞ்சின் ஓய்ந்திருக்கும்போது நல்ல பற்றறி ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். சாதாரணப் பெற்றோல் வண்டியில் எஞ்சின் ஓடும்போது அது பெரும்பாலும் 14 வோல்ற்றை அண்டி நிற்கும். அடுத்துப் பற்றறியின் முனைகளிற் பூத்த உப்பையும், தளர்ந்த பிடிகளையும், உருகியையும் பார்க்கவேண்டும். பின்னர் ஒருவர் சுக்கானைத் திருப்ப, மற்றவர் பற்றறியின் எதிர்முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அளந்து பார்க்கலாம். அங்கே அரை வோல்ற்றுத் தோன்றுமாயின், குறை புவித்தொடுப்புக் கம்பியில் இருக்கிறது. கணினியின்மீது பழி சுமத்துதல் தகாது.

இதன் பின்னரே பிழைக்குறியீடுகளைப் படிக்கவேண்டும். சுக்கானின் கீழே உள்ள பதினாறு முனைத் துவாரத்தில் வாசிப்புக் கருவியைப் பொருத்தினால் அவை தோன்றும். ஆனால் குறியீடு ஒரு சாட்சி, நீதிபதியன்று. 'முறுக்குணரியின் சுற்றிற் குறை' என்று அது கூறினால், உணரியே கெட்டதென்பது பொருளன்று. கம்பி அறுந்திருக்கலாம்; இணைப்பில் ஈரம் புகுந்திருக்கலாம். மின்னழுத்தம் தாழ்ந்தால் ஒரே வேளையிற் பல குறியீடுகள் தோன்றுவதுமுண்டு. அவற்றையெல்லாம் எழுதிவைத்து, பற்றறியையும் இணைப்புகளையும் சீர்செய்து, குறியீடுகளை அழித்தபின் மீண்டும் வருவது எது எனப் பார்க்கவேண்டும். மீண்டு வருவதே ஆராயத் தக்கது.

பழுதில்லாத கனமும் ஒன்றுண்டு. ஒடுங்கிய ஒழுங்கையில் நின்றபடியே சுக்கானைப் பலமுறை முழுவதும் திருப்பினால் மோட்டர் சூடேறும். கணினி அதனைக் காக்கும்பொருட்டு உதவியைக் குறைக்கும். சிறிது ஆறவிட்டால் பழைய நிலை திரும்பும். ரயரிற் காற்றுக் குறைந்தாலும் சுக்கான் கனக்கும் என்பதை மறத்தலாகாது.

எனினும் மோட்டரே குற்றவாளியாகும் வேளையும் உண்டு. 2010 ஆம் ஆண்டில் வட அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், செவர்லே கோபால்ட் முதலிய ஏறக்குறைய 13 இலட்சம் வண்டிகளைச் சுக்கான் மோட்டர்க் குறைக்காகத் திருப்பி அழைத்தது. ஆதலின் எல்லாவற்றையும் பற்றறியின் தலையிற் கட்டுவதும் அறிவுடைமையன்று. எளியதை முதலிற் சோதித்து, அது குற்றமற்றதெனத் தெளிந்தபின் அரியதை நாடுக என்பதே நாம் கூறுவது.

ஓட்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை: பெரும்பாலான வண்டிகளில் உதவி நின்றாலும் சுக்கானுக்கும் சில்லுக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை. பதறாது இரு கைகளாலும் பற்றி, வேகம் தணித்து ஓரமாக நிறுத்துக. உதவி வந்தும் போயும் விளையாடினால் அவ்வண்டியிற் பயணம் தொடரவேண்டாம். சுக்கானின் நடுவே காற்றுப்பையும் இருத்தலால், கழற்றும் வேலை பயிற்சி பெற்றோர்க்கே உரியது.

நமக்குரிய வேலை வேறு. "எதனை அளந்தீர்கள்? எத்தனை வோல்ற்றுக் காட்டியது? எந்தக் குறியீடு மீண்டும் வந்தது?" என்று பணிவுடன் வினவுவதே அது. இம்மூன்று வினாக்களுக்கும் நேரான விடை கிடைத்த பின்னர் பணப்பையைத் திறந்தாற் போதும்.