உடலின் தராசும் நம் நாவும்

பெண் பார்க்கச் செல்லும் வீட்டில், மார்க்கப் பற்றும் குணமும் விசாரிக்கப்படும் முன்பே, "பிள்ளை கொஞ்சம் கனமாக இருக்கிறதே" என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. அன்று முதல் அப்பிள்ளைக்கு இரவு உணவு நிறுத்தப்படுகிறது. எடை குறைக்கும் பொடி வாங்கப்படுகிறது. மூன்று மாதத்தில் பத்து கிலோ குறைய வேண்டும் என்று கெடு விதிக்கப்படுகிறது. தருமபுரி மாவட்டத்தில் மதரஸா ஆசிரியப் பணியில் இருக்கும் நாம், இவ்வாறு வாடிய முகத்தோடு வகுப்பில் அமரும் பிள்ளைகளைக் காண்கிறோம்.

பருமனாக இருப்பவர் நாவை அடக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றியிருக்கிறது. சில மேடைகளில் அதற்கு நபிமொழியும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது. இவ்வெண்ணம் உடலில் இறைவன் அமைத்துள்ள ஒழுங்குக்கும் பொருந்தாது. மார்க்கத்துக்கும் பொருந்தாது என்பதே நம் கருத்து.

உடலுக்குள் ஒரு தராசு

ஒருவர் ஓராண்டில் நூற்றுக்கணக்கான கிலோ உணவை உண்கிறார். ஆயினும் பெரும்பாலோரின் எடை ஆண்டு முடிவில் ஓரிரு கிலோவுக்கு மேல் மாறுவதில்லை. இந்தக் கணக்கை நாம் வைப்பதில்லை, உடலே வைத்துக்கொள்கிறது. 1994இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்தபோது இதன் ஒரு பகுதி விளங்கிற்று. கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின், இரத்தத்தின் வழியே மூளையை அடைந்து, சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று அறிவிக்கிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை பசியைக் கூட்டும், உடலின் செலவைச் சுருக்கும்.

அந்தச் செய்தி மூளைக்குப் போய்ச் சேராவிட்டால் என்னவாகும்? இங்கிலாந்தில் வாழ்ந்த பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பம் ஒன்றின் இரு பிள்ளைகளைக் குறித்து 1997இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதினர். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவினனான இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. எவ்வளவு உண்டாலும் அவர்களுக்குப் பசி அடங்கவில்லை. பிறவியிலேயே அவர்கள் உடலில் லெப்டின் இல்லை. ஊசி மூலம் அது செலுத்தப்பட்டபோது சிறுமியின் பசி தணிந்தது. ஓராண்டில் 16 கிலோவுக்கும் மேல் குறைந்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது கண்டிப்பு அன்று, மருந்து. இது மிக அரிய குறைபாடு. நம் ஊரில் காணும் பருமனுக்கு இது காரணமன்று. ஆயினும் பசி எல்லோருக்கும் ஒரே அளவில் பங்கிடப்படவில்லை என்பதை இது தெளிவாக்குகிறது.

பட்டினியின் விளைவு

1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு, அவர்களின் சம்மதத்தோடு, ஆறு மாதம் உணவைப் பாதியளவுக்குக் குறைத்துக் கொடுத்தார். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. அத்தோடு சோர்வும், குளிரும், மனவாட்டமும் வந்தன. அவர்களின் எண்ணமெல்லாம் உணவாகவே ஆயிற்று. மீண்டும் வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது, உண்டும் உண்டும் பசி தீராமல், முன்பிருந்ததைவிடக் கொழுப்பு கூடிப்போயிற்று.

கெடு விதிக்கப்பட்ட பெண்பிள்ளையின் உடலிலும் இதுவே நிகழ்கிறது. பஞ்சம் வந்துவிட்டதாக உடல் முடிவுகட்டித் தன்னைக் காக்க முனைகிறது. நிக்காஹ் முடிந்தபின் எடை திரும்பினால், அதற்கும் அவளையே குறை சொல்கிறோம். ரமழான் நோன்பை இதற்கு ஆதாரமாக்குவோர் உண்டு. நோன்புக்கு ஸஹரும் இஃப்தாரும் எல்லையாக உள்ளன. நோயாளிக்குச் சலுகையும் உண்டு. மாதக்கணக்கில் வயிற்றைக் காயப்போடுவது நோன்பாகாது.

தராசு தடுமாறும் இடம்

அப்படியானால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றுமில்லையா? உண்டு. 1956இல் ஜீன் மேயரும் இந்திய அறிஞர்களும் மேற்கு வங்கச் சணல் ஆலை ஒன்றில் 213 பேரை ஆராய்ந்து எழுதினர். இலேசான வேலை செய்வோர் முதல் கடும் உழைப்பாளிகள் வரை, உழைப்புக்கேற்ப உணவு கூடியதே தவிர எடை கூடவில்லை. நாள் முழுதும் அமர்ந்தே இருந்தவர்களோ, இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் உண்டனர், எடையும் கூடியிருந்தனர். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி தன் அளவை இழக்கிறது.

நம் மாவட்டத்தின் பழைய உணவு கேழ்வரகுக் களியும் சாமைச் சோறும். 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டத்தை அரசு தொடங்கியது நல்லதே. ஆனால் களி உண்டவர்கள் பொழுதெல்லாம் காட்டில் பாடுபட்டவர்கள். அந்த உழைப்பை ரேஷன் கடையில் வாங்க முடியாது. இன்று தெருமுனைக்கும் வண்டி, அமர்ந்தால் கைப்பேசி, மாலையில் பேக்கரிப் பண்டம். அதே 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கூறியது. அவர்களில் ஒல்லியானவர்களும் இருப்பார்கள். ஆகவே இரத்தப் பரிசோதனை பருமனானவருக்கு மட்டும் உரியதன்று.

மார்க்கம் எதைச் சொல்கிறது?

வயிற்றின் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு என்னும் நபிமொழி, ஒவ்வொருவரையும் தம் தட்டைப் பார்க்கச் சொல்கிறது. அடுத்தவரின் இடுப்பை அளக்கச் சொல்லவில்லை. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பரிகாசத்தையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது; அதில் பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டு எச்சரிக்கிறது. "குண்டு" என்று பிள்ளையைக் கூப்பிடும் வீடுகள் இதைச் சிந்திக்க வேண்டும்.

பெற்றோரே! ஒரு பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம். வீடு முழுவதும் ஒரே உணவை, நேரத்தோடு, நிதானமாக உண்போம். ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஆண்பிள்ளைகளுக்கு மைதானம் இருக்கிறது. பெண்பிள்ளைகள் ஓடியாட நம் ஊரில் எங்கே இடம்? மதரஸா முற்றத்தை மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கென ஒதுக்கினால் என்ன?

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடி ஒருமுறை முந்தினார்கள். பின்னர் உடல் சதை போட்ட காலத்தில் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள் என்று அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மனைவியின் உடல் மாறிய பிறகும் அண்ணலார் அவரோடு சேர்ந்து ஓடினார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் காட்ட வேண்டிய சுன்னத் இது.