பஸ் ஸ்டாண்டு நாய்க்கு எங்கே இடம்?

2025 நவம்பர் 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் இங்கெல்லாம் திரியும் தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, காப்பகத்தில் வைக்க வேண்டும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடக்கூடாது. டெல்லிக்கு மட்டுமல்ல, சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டுக்கும் சேர்த்துத்தான் இது.

காப்பகம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்கு பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, சுற்றி உயரமான சுவர். குரைக்கிற சத்தம் யாருக்கும் கேட்காது, தொல்லை விட்டது! ஆனால் கணக்குப் போட்டால் இதுதான் அதிகச் செலவு. கட்டடம் ஒரு தடவைச் செலவு. சாப்பாடு, மருந்து, ஆள் சம்பளம் எல்லாம் நாய் இருக்கிற வரைக்கும், தினமும். யாரும் எட்டிப் பார்க்காத இடத்திலிருந்து எந்த நாயும் ஒரு வீட்டுக்குப் போகாது. சரக்கு உள்ளே மட்டும் வரும் குடோன் மாதிரி.

பழைய மாட்டுப் பவுண்டு ஞாபகம் இருக்கிறதா? (இல்லையென்றால் தாத்தாவைக் கேளுங்கள்.) 1871-ஆம் வருஷச் சட்டப்படி, வயலில் மேய்ந்த மாட்டை அங்கே அடைப்பார்கள், அபராதம் கட்டி ஓட்டிப் போக வேண்டும். அது ஒன்றும் அன்பு இல்லம் இல்லை. ஆனாலும் மாட்டுக்காரருக்கும் வயல்காரருக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது.

நாய்க் காப்பகத்திலும் ஊருக்கு ஒரு வேலை வேண்டும். சுவருக்குப் பதில் கம்பி வேலி. வாசலிலேயே ஆடு மாட்டுக்கு மருந்து கொடுக்கும் அறை. கல்வராயன் மலையடிவாரத்தில் ஆடு வளர்ப்பவர் குடற்புழு மருந்துக்கு வருவார், பட்டிக்குக் காவலாக ஒரு குட்டியைக் கேட்டாலும் கேட்பார்.

நாய் கடித்த பிள்ளையின் அம்மாவிடம் போய் ஜீவகாருண்யம் பேசினால் திட்டுதான் விழும். நியாயம்தானே? ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஊர் நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய் பரவுவது அறுபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எழுபதை யார் பிடிப்பது? வேனைக் கண்டாலே ஓடுகிற நாய், தினமும் பொறை போடும் டீக்கடைக்காரர் கூப்பிட்டால் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

சென்னையில் ப்ளூ கிராஸ் 1964-லேயே கருத்தடையைத் தொடங்கியது. கொல்வதை விட்டுவிட்டு மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷம்! சங்கராபுரம் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 2023 கருத்தடை விதிகளே உள்ளூர்க் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு டீக்கடைக்காரரையும் கூப்பிட பேரூராட்சிக்கு ஒரு ரூபாய் கூடச் செலவாகாது.