பிள்ளைகள் படிக்கட்டும், நாம் காது கொடுப்போம்!

அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை நிற்கிறது. 1991-ல் நிறுவப்பட்டும், எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக் கிடந்த சிலை அது. 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் கலைஞர் அதைத் திறந்து வைத்தார். கர்நாடக முதல்வராக இருந்த எடியூரப்பா உடன் நின்றார். நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. இரு மொழி உழைப்பாளிகளும் மகிழ்ந்த நாட்கள் அவை.

சிலை திறந்தாயிற்று. குறள் திறந்ததா? ஏரிக்கரையில் ஓடியாடும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் எழுத்துக் கூட்டியாவது ஒரு குறளைப் படிப்பார்கள்? வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தெருவில் கன்னடம், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் அவர்கள் நாவில் இருக்கிறது, கண்ணுக்கு எட்டவில்லை. ஊர்த் திருவிழா அழைப்பிதழ் வந்தால் அதை வாசித்துச் சொல்ல ஆள் தேட வேண்டிய நிலை பல வீடுகளில் வந்துவிட்டது.

கன்னடம் கற்பதை நாம் குறை சொல்லவில்லை. இது நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. பிள்ளைகள் அதைப் பிழையறக் கற்கத்தான் வேண்டும். நம் கவலை வேறு. எந்த மொழிப் புத்தகத்தின் மீதும் ஆசையில்லாமல் ஒரு தலைமுறை வளர்கிறது. பாடநூல் பரீட்சைக்கு, பரீட்சை முடிந்தால் எடைக்கு! வசதியுள்ளவர் வீட்டில் கதைப் புத்தகத்துக்கென்று அலமாரி இருக்கிறது. நம் ஒற்றை அறையில் இருக்கும் அச்செழுத்து நாட்காட்டியும் ரேஷன் அட்டையும்தான். பின்னாளில் தாளை வாசிக்காமல் கைநாட்டு வைத்து ஏமாறுபவன் யார் வீட்டுப் பிள்ளையாக இருப்பான்?

“எங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது; நாங்கள் என்ன செய்ய முடியும்?” என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நம் தொழிலாளர் வரலாறே விடை சொல்கிறது.

கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள்; ஒருவர் மட்டும் செய்தித்தாளும் கதையும் உரக்கப் படிப்பார். அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். கடல் கடந்த கியூபாவில், ஹவானா சுருட்டு ஆலைகளில் 1865 முதலே இவ்வழக்கம் உண்டு; படிப்பவருக்குத் தொழிலாளர்களே தம் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். நம் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டுத்தானே அரசியல் கற்றோம்? ஏழைக்குப் படிப்பு முதலில் காது வழியாகவே வந்தது.

ஆகவே தாய்மார்களே, நீங்கள் படிக்கத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. கேட்கத் தெரிந்தால் போதும். பேசத் தொடங்கும் வயதிலேயே பாட்டி சொன்ன கதைகளைச் சொல்லுங்கள். அடுப்படியில் நிற்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, “படி கண்ணு, கேட்கிறேன்” என்று சொல்லுங்கள். தடுமாறினால் தலையில் குட்டாதீர்கள். “அப்புறம் என்னாச்சு?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகவே பிள்ளை மறுபக்கம் புரட்டும். எடுத்த எடுப்பில் குறளை மனப்பாடம் செய்யச் சொல்லி மிரட்ட வேண்டாம். நரிக்கதையும் யானைக்கதையும் முதலில் வரட்டும், வள்ளுவர் காத்திருப்பார்.

புத்தகத்துக்கு எங்கே போவது? 1950-ல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நம் அல்சூரிலேயே, அண்ணாசாமி முதலியார் சாலையில், நூலகத்தோடு இருக்கிறது. 2004-ல் இதே நகரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் குறைந்த விலையில் சிறுவர் நூல்களை வெளியிடுகிறது. அதன் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் கன்னடக் கதைகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. சினிமாப் பாட்டு ஓடும் அதே கைப்பேசியில் இரவு ஒரு கதை ஓடினால் என்ன?

வீட்டுக்கு மட்டும் கடமை சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. சீர்காழியில் பிறந்த நூலகத் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் இந்தப் பெங்களூரில்தான் 1962-ல் நூலகவியல் ஆய்வு மையத்தை நிறுவினார். 1972-ல் இங்கேயே மறைந்தார். 1931-லேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் ஊர் ஊராக நூலகம் சென்றது. வண்டி மாட்டைப் பூட்டி அன்று செய்ததை, ஒரு தகரப் பெட்டியை வைத்து இன்று நாம் செய்ய முடியாதா? கிளைக்கு ஒரு பெட்டி, ஐம்பது புத்தகம், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம். தமிழும் கன்னடமும் சேர்ந்தே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் வந்து உட்காரட்டும்.

அரசிடமும் கேட்போம். 1965-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. அது வாடகை வழியாக நம் தலையிலும் விழுகிறது. வரி கொடுக்கும் நமக்கு, நம் பகுதிப் பொது நூலகத்தில் சிறுவர்க்கான தமிழ் நூல் கேட்க உரிமை உண்டு. அது சலுகையல்ல.

பதினெட்டு ஆண்டு மூடியிருந்த சிலையைத் திறக்க அரசுகள் பேச வேண்டியிருந்தது. நம் பிள்ளை கையில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைக்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. இன்றிரவே தொடங்குவோம்!