உப்புக்காற்றும் பழைய விமானமும்

1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதுக்காரர் ஒருவர் கராச்சியிலிருந்து தன்னந்தனியாக ஒரு சிறு விமானத்தை ஓட்டிக்கொண்டு பம்பாய் வந்து இறங்கினார். அவர் ஜே.ஆர்.டி. டாட்டா. சரியாக 50 ஆண்டுகளுக்கு முன்னால், 1932-இல் அதே தேதியில், தபால் மூட்டையோடு கராச்சியில் கிளம்பி அகமதாபாத் வழியாகப் பம்பாய் சேர்ந்தவரும் அவர்தான். அன்று பம்பாயிலிருந்து அந்தத் தபாலை விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு வந்தார்.

அந்தப் பொன்விழாப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ஓட்டியவரின் மனத்திடத்தைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். எனக்கோ அவரைச் சுமந்து வந்த விமானத்தின் மேல் அதைவிடப் பெரிய மரியாதை. அது 'லெபர்ட் மாத்' என்ற வகை. பிளைவுட் பலகையில் செய்த உடல், துணி போர்த்திய இறக்கை, மூக்கில் 130 குதிரைத்திறன் இன்ஜின். 1936-க்குப் பிறகு அந்த வகையில் ஒன்றுகூடத் தயாரிக்கப்படவில்லை. அப்படியானால் 1982-இல் அதற்குக் குறைந்தது 46 வயது. அத்தனை ஆண்டுகளும் யாரோ சிலர் அதன் துணியை உரித்துப் புதுத்துணி போர்த்தியிருக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துக் கோத்திருக்கிறார்கள், செய்ததையெல்லாம் ஏட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. இந்த வாரப் பத்தி அவர்களுடைய வேலையைப் பற்றியது.

பழைய விமானம் என்றாலே நம்மவர்களுக்கு ஒரு பயம். பத்து வயதுக் காரையே விற்றுவிடத் துடிக்கிறோம், நாற்பது வயது விமானத்தில் யார் ஏறுவார்கள் என்று கேட்பார்கள். உலகத்தில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட விமானமான செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000-க்கும் மேல் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளின் சுமை தாங்காமல் 1986-இல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 18 ஆண்டுகளைத் தாண்டிய சிறு விமானத்துக்காகத் தயாரிப்பாளர் மேல் வழக்குத் தொடுக்க முடியாதபடி 1994-இல் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் மறுபடி செய்யத் தொடங்கினார்கள். ஆகவே இன்று உலகமெங்கும் பறந்துகொண்டிருக்கும் செஸ்னாக்களில் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவை ஏராளம். அவற்றில்தான் பிள்ளைகள் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள்.

பழைய விமானத்தை உண்மையில் கெடுப்பது எது? இந்தக் கேள்விக்கு விமானம் பக்கமே போகாத ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். கடலூர் முதுநகரில் படகு இன்ஜின் வேலை பார்ப்பவர். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் அவருக்கு வேலை குவியும். "ஓடுற இன்ஜினுக்கு ஒண்ணும் ஆவாது தம்பி. சும்மா நிக்குது பாரு, அப்பத்தான் எல்லாச் சீக்கும் வந்து சேரும்" என்றார். கையில் இருந்த வால்வைத் திருப்பிக் காட்டினார். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் செம்புள்ளிகள்.

விமான இன்ஜின் செய்யும் லைகமிங் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவருவதும் இதைத்தான். அந்த இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் எண்ணெய் மெல்லக் கீழே வடிந்துவிடும். மேலே கேம் ஷாஃப்ட் எண்ணெய்ப் பூச்சில்லாமல் ஈரக்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். பொடித்துரு பிடிக்கும். அடுத்த முறை கிளப்பும்போது அந்தத் துரு அரம்போல வேலை செய்து, அழுத்தும் பகுதிகளைத் தேய்த்துவிடும். "பறக்காவிட்டால் என்ன, வாரம் ஒருமுறை தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைத்துவிடுகிறேன்" என்று பல உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். அது இன்னும் கெடுதல். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி எண்ணெயில் கலக்கிறது. எண்ணெய் சுமார் 75 டிகிரி செல்சியஸாவது சூடேறி, அரைமணி நேரமாவது விமானம் பறந்தால்தான் அந்த ஈரம் வெளியேறும். பத்து நிமிடத் தரையோட்டம் ஈரத்தை உள்ளே விட்டுக் கதவைச் சாத்துகிறது. அதனால்தான் 2,000 மணி நேரம் ஓடும் என்று கணக்கிட்ட இன்ஜினைக்கூட, மணி ஆகாவிட்டாலும் 12 ஆண்டுகளில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது அந்த நிறுவனம்.

இன்ஜின் நிலை இதுவென்றால், உடலுக்கு உப்புக்காற்று எமன். கடலூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கத்து வீடுகளின் இரும்புக் கேட்டைப் பார்த்தால் போதும். அங்கிருந்து சிதம்பரம் வரும் வழியில் பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் திரும்பினாலும் அதே காற்றுதான். சிதம்பரம் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பதால் ஜன்னல் கம்பி சில ஆண்டு கூடுதலாகத் தாங்குகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சிவப்பாகத் துருப்பிடிக்காது, அவ்வளவுதான். பெயின்ட்டுக்கு அடியில் சின்னக் கொப்புளம் கிளம்பும். கீறினால் வெள்ளை மாவு உதிரும். அந்த மாவு எல்லாம் ஒருகாலத்தில் தகடாக இருந்த உலோகம். எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அங்கே சிறு பேட்டரிபோல மின்னோட்டம் உண்டாகி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். இதற்கு மருந்து எளிது: நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுவது, துடைப்பது, மூட்டுகளைத் திறந்து பார்ப்பது, கூரைக்கு அடியில் நிறுத்துவது. நம் மீனவர்கள் கரை வந்ததும் வெளியிணைப்பு மோட்டாரை நல்ல தண்ணீரில் அலசுகிறார்களே, அதே பழக்கம்தான்.

துணி போர்த்திய விமானத்துக்கு வெயில் இன்னொரு பகை. இங்கே நம் நாட்டு விமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெங்களூரு எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை செய்த 'புஷ்பக்'. 1958 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். 90 குதிரைத்திறன் இன்ஜின். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய கூடு, அதன்மேல் துணி. 150-க்கு மேல் செய்து நாட்டின் பறக்கும் கழகங்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு தலைமுறை இந்திய விமானிகள் வானத்தில் அரிச்சுவடி படித்தது அதில்தான்.

அந்தத் துணியை இழுத்துக் கட்டி 'டோப்' என்ற பசையைப் பல பூச்சு பூசுவார்கள். காயக்காயத் துணி இறுகி, தட்டினால் ஒலிக்கும். நடுவில் ஒரு பூச்சில் அலுமினியப் பொடி கலப்பார்கள். அழகுக்காக இல்லை. புற ஊதாக் கதிர் நூலைத் தொடாமல் தடுக்க. அந்தப் பூச்சு தேய்ந்தால் துணி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இற்றுப்போகும். அதனால் கருவி வைத்துக் குத்தி அழுத்திச் சோதிப்பார்கள். புதுத்துணிக்கு இருக்க வேண்டிய வலிமையில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் உரித்துவிட்டுப் புதிது போர்த்த வேண்டும் என்பது நெடுநாள் விதி. துணியை எவ்வளவு இழுப்பது, எங்கே தைப்பது, எந்த ஈரப்பதத்தில் டோப் பூசக்கூடாது என்பதையெல்லாம் புத்தகம் பாதிதான் சொல்லும். மீதி பழகிய கைக்குத் தெரியும். புஷ்பக்குகள் கொட்டகைகளில் முடங்கியபோது நாம் இழந்தது விமானங்களை மட்டும் இல்லை. அந்தக் கைகளுக்கும் வேலை போயிற்று. அவர்கள் கற்றுக்கொடுக்க வேண்டிய பிள்ளைகள் வரவில்லை. எனக்கு இதில்தான் பெரிய வருத்தம்.

பழமையை நான் கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவில்லை. வயது வேறு, உழைப்பு வேறு என்பதைக் கறாராகப் பார்க்க வேண்டும். 2018 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் டேடோனா பீச்சில் ஒரு பயிற்சி விமானத்தின் இறக்கை பறக்கும்போதே பிய்ந்து விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் இறந்தார்கள். அது 2007-இல் செய்த பைப்பர் விமானம், 11 வயதுதான். ஆனால் அதற்குள் 7,690 மணி நேரம் பறந்திருந்தது. பயிற்சி விமானம் என்பதால் ஓயாமல் ஏறுவதும் இறங்குவதும். இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரத்தில் உலோகச் சோர்வால் விரிசல் ஓடியிருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாத இடம். அதன் பிறகு அந்த வகை விமானங்களில் அதிக உழைப்புக் கண்டவற்றின் போல்ட் துளைகளை மின்காந்த முறையில் சோதிக்க உத்தரவு வந்தது. நன்றாகப் பராமரித்த ஐம்பது வயது விமானம், தேய உழைத்த பத்து வயது விமானத்தைவிடத் திடமாக இருக்கலாம். எது எப்படி என்பதை யார் சொல்வது?

லாக் புக் சொல்லும். உடலுக்கு ஒன்று, இன்ஜினுக்கு ஒன்று, சுழலிக்கு (ப்ரொப்பெல்லர்) ஒன்று என்று ஏடுகள் இருக்கும். பழைய விமானம் வாங்கப் போகிறவர் பளபளக்கும் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் இவற்றைத்தான் பிரிக்க வேண்டும். உடல் மொத்தம் எத்தனை மணி பறந்தது? கடைசியாக முழுதும் பிரித்துச் சீரமைத்த ஓவர்ஹாலுக்குப் பிறகு இன்ஜின் எத்தனை மணி ஓடியது? தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவை 500 மணிக்கொருமுறை பிரித்துப் பார்த்தார்களா? ஓடிக்கொண்டிருந்த சுழலி எப்போதாவது தரையில் இடித்ததா? இடித்திருந்தால் இன்ஜினையே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்த்தார்களா? எண்ணெய் வடிகட்டியை ஒவ்வொரு முறையும் வெட்டித் திறந்து, மடிப்புகளில் உலோகத்துகள் உண்டா என்று தேடினார்களா? இந்தக் கேள்விகளுக்கு ஏட்டில் பதில் இருந்தால் விலை நிற்கும். நடுவில் ஐந்து ஆண்டுப் பக்கம் காணோம் என்றால், எவ்வளவு அழகான விமானமானாலும் விலை சரியும். காரணம் நியாயமானது: எழுதாத வேலையை வாங்குபவர் நடக்காத வேலையாகத்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

புது விமானம் வாங்கிய முதல் சில ஆண்டுகளில் மதிப்பை வேகமாக இழக்கும். முப்பது வயதைத் தாண்டியது அப்படி இல்லை. அதன் விலை ஆண்டைப் பார்த்து இறங்குவதைவிட, இன்ஜினில் மிச்சமிருக்கும் மணியையும் ஏட்டின் நேர்மையையும் பார்த்து ஏறி இறங்கும். வாங்கும் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாரும் இதில் இறங்கக்கூடாது. ஒரு முழு ஓவர்ஹால் சில பழைய விமானங்களின் விலையையே நெருங்கிவிடும். எரிபொருளும் சாதாரணப் பெட்ரோல் இல்லை. அவ்கேஸ் 100 எல்.எல். என்ற தனி வகையை நெடுங்காலம் இறக்குமதி செய்துவந்தோம். 2022-இல்தான் இந்தியன் ஆயில் வடோதரா சுத்திகரிப்பு ஆலையிலிருந்து உள்நாட்டில் தரத் தொடங்கியது. ஆகவே தனியொருவராகச் சுமப்பதைவிட நான்கைந்து பேர் சேர்ந்து வைத்துக்கொள்வது நல்லது. பங்கு சேர்ந்தால் செலவு குறைகிறது, விமானமும் மாதக்கணக்கில் நிற்காமல் பறக்கிறது. இன்ஜினுக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

இதையெல்லாம் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஏன் சொல்கிறேன்? நெய்வேலியில் என்.எல்.சி.யின் ஓடுபாதை இருக்கிறது. 2017-இல், சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் சுற்றுப் பட்டியலிலேயே நெய்வேலியின் பெயர் வந்தது. அறிவித்த வேகத்தில் விமானம் வரவில்லை. பயணிகள் விமானம் வரும்போது வரட்டும். ஓடுபாதை உள்ள இடத்தில் ஒரு பராமரிப்புக் கூடம் வேண்டும் என்று நாம் இப்போதே கேட்கலாம். உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர், பழுதுபட்ட பழைய சிறு விமானம் ஒன்றிரண்டு, கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள். தொடக்கத்துக்கு அது போதும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறவர்களும், கடலூர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், வெல்டர் படிக்கிறவர்களும், முதுநகரில் டீசல் இன்ஜினைக் காதால் கேட்டே குறை சொல்லும் மெக்கானிக்குகளின் பிள்ளைகளும் இங்கேயே இருக்கிறார்கள். உப்பு எதை எப்படித் தின்னும் என்பதை அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அந்தக் கூடத்தில் முதல் நாள் கற்றுத்தர வேண்டிய பாடம் ஒன்று உண்டு: செய்ததை எழுது, செய்யாததைச் செய்ததாக எழுதாதே. ஒரு பழைய விமானம் இன்னொரு தலைமுறையைச் சுமப்பது அந்தக் கையெழுத்தை நம்பித்தான். அப்படிக் கையெழுத்துப் போடத் தகுதியுள்ள நூறு பேரை இந்த மாவட்டம் தர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கேட்க வேண்டியவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.