வலி தீர்க்கும் மாத்திரையும் மருந்து ஜன்னலும்

அடையாற்றில் 1954-ல் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. மில்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் ஏழைகள் இன்றும் அங்கே வந்துகொண்டிருக்கிறார்கள். வலி முற்றியவருக்கு டாக்டர் மார்பின் எழுதித் தருகிறார். உடனே குடும்பம் நடுங்குகிறது: "அபினி மருந்தாமே! பழகிவிடுமாமே!" மாத்திரை பெட்டிக்குள் கிடக்கிறது, நோயாளி பாயில் கிடந்து துடிக்கிறார்.

இந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர் யார்? டாக்டருக்கு அடுத்தபடி, நாம் கம்பவுண்டர் என்று அழைத்துப் பழகிய மருந்தாளுநர்தான். மாத்திரையை எண்ணிக் கொடுப்பதோடு அவர் வேலை முடிந்துவிடுவதில்லை. வலி வரட்டும் என்று காத்திராமல், டாக்டர் சொன்ன மணிக்கு விழுங்க வேண்டும். சாதாரண மார்பின் மாத்திரைக்கு அது நாலு மணிக்கு ஒரு தடவை. மலச்சிக்கல் வரும்; அதற்கும் கூடவே மருந்து வேண்டும். சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. எழுப்பியும் எழாமல் மயங்கிக் கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு இவற்றையெல்லாம் வாயால் சொல்லிப் புரியவைப்பவரே நல்ல மருந்தாளுநர்.

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் கம்பெனிகள் லாப வெறியில் இத்தகைய மாத்திரைகளை அள்ளி விற்றன, லட்சக்கணக்கானோர் மாண்டனர். பர்டியூ பார்மா என்ற கம்பெனி 2020-ல் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆகவே மருந்தாளுநர் காவலாளியாகவும் இருக்க வேண்டும். ஆனால் காவல் என்பது கதவை அடைப்பதல்ல.

நம் நாட்டில் நடந்தது கதவடைப்புதான். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் லைசென்சுடன் அபினி விளைகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்கார் ஆலைகள் இருக்கின்றன. இருந்தும் 1985-ம் வருஷச் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் மார்பினைத் தொடவே அஞ்சின. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் போதும் என்றாயிற்று.

சட்டம் திருந்தினால் மட்டும் வலி தீராது. ஒரு பட்டை மாத்திரைக்காகக் கூலியை இழந்து கூலிக்காரன் அடையாறுவரை ஏன் வர வேண்டும்? தாலுகா ஆஸ்பத்திரிதோறும் இந்த மருந்து இருக்கட்டும். பயிற்சி பெற்ற மருந்தாளுநர் இருக்கட்டும். நோயாளியிடம் பேச அவருக்கு நேரமும் கிடைக்கட்டும். நீண்ட கியூவை ஒற்றை ஆள் தலையில் கட்டிவிட்டு, அவர் பேசவில்லை என்று குறை கூறுவதில் நியாயமில்லை.

தொழிலாளத் தோழர்களே, ஜன்னலில் மருந்து வாங்கும்போது கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். வலியின்றி இருப்பது பிச்சையல்ல, நம் உரிமை!