மேலே போன ரெடிமேட் ரூம்!

சேலையூரிலோ செம்பாக்கத்திலோ மாடியில் ஒரு ரூம் எழுப்பினால் மணல், செங்கல், கம்பி எல்லாம் தனித்தனி வண்டியில் வரும். கொத்தனார் எப்போது வருவார் என்பது அவருக்கே வெளிச்சம். 2001 பிப்ரவரி 7-ம் தேதி நாசா, ரூமையும் அதை மாட்டும் ஆட்களையும் ஒரே வண்டியில் ஏற்றி அனுப்பியது. வண்டி, அட்லான்டிஸ் விண்வெளி ஓடம். ரூம், சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான 'டெஸ்டினி' ஆய்வுக்கூடம்.

நீளம் 8.5 மீட்டர், விட்டம் 4.3 மீட்டர். தாம்பரத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தைவிட நீளம் குறைவு, அகலம் ரொம்பவே அதிகம். சுமார் 14.5 டன். அங்கே எடை தெரியாது. ஆனால், இடித்தால் இடித்ததுதான்! பிப்ரவரி 10 அன்று மார்ஷா ஐவின்ஸ் ஓடத்துக்குள் இருந்தபடியே ரோபோ கையால் அதைத் தூக்கி, நிலையத்தோடு பொருத்தினார். வெளியே மிதந்தபடி குழாய், ஒயர் வேலை பார்த்தவர்கள் டாம் ஜோன்ஸ், ராபர்ட் கர்பீம்.

சிக்கல் அங்கேதான். குளிரூட்டும் குழாயை மாட்டும்போது அமோனியா கசிந்து, உறைந்த துகள்களாக வெளியே பறந்தது. அது உடையில் ஒட்டியிருந்து அப்படியே உள்ளே போனால், எல்லோர் மூச்சுக்கும் ஆபத்து. அதனால் கர்பீம் அரை மணி நேரம் வெயில் காய்ந்தார். ஜோன்ஸ் பிரஷ்ஷால் அவர் உடையைத் தட்டிவிட்டார். நம்ம மொட்டை மாடி வத்தல் டெக்னிக்தான்! உள்ளே வந்த பிறகும் கொஞ்ச நேரம் எல்லோரும் ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டுக்கொண்டார்கள்.

சரி, இந்தப் பழைய கதை இப்போது எதற்கு? 2030-க்குப் பிறகு அந்த நிலையத்தையே கடலில் இறக்கப்போகிறார்கள். கடந்த ஆண்டு, 2025-ல், சுபான்ஷு சுக்லா வெந்தயமும் பச்சைப்பயறும் முளைக்கவைத்துப் பார்த்த இடம் அது. அடுத்து நாமே சொந்த வீடு கட்டுகிறோம். 'பாரதிய அந்தரிக்ஷ் ஸ்டேஷன்' என்ற இந்திய நிலையத்தின் முதல் ரூம் 2028-லும், மொத்தம் ஐந்து ரூம்களும் 2035-க்குள்ளும் போக வேண்டும் என்பது திட்டம்.

ஆனால், நம் ரூம் ஆளில்லாமல் ராக்கெட்டில் தனியாகப் போகும். பிறகு போகிறவர்களின் விண்கலம் தானே தேடிப்போய் அதோடு இணைய வேண்டும். அதற்கான ஒத்திகைதான் 'ஸ்பேடெக்ஸ்'. தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் 2025 ஜனவரி 16-ல் வெற்றிகரமாக இணைந்தன. முதல் ரூமோ சுமார் 10 டன். ககன்யானே இன்னும் ஆட்களோடு பறக்காத நிலையில், 2028 என்பது ரொம்ப டைட்டான கெடு என்றே எனக்குப் படுகிறது.

யார் போவார்கள்? ககன்யானுக்குத் தேர்வான நான்கு பேரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், விமானப்படை பயிற்றுநர்களுக்கே பாடம் எடுக்கும் நம்ம தாம்பரம் பள்ளியில் பணியாற்றியவர். சுக்லா போன பயணத்தில் மாற்று வீரராகத் தயாராக இருந்தவர்.

பழைய வீட்டைப் பார்க்க இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. மேகமில்லாத நாளில், இருட்டிய கொஞ்ச நேரத்தில், கண் சிமிட்டாத ஒரு வெளிச்சம் சில நிமிடங்களில் வானத்தைக் கடந்து போகும். எந்த நாள், எந்தத் திசை என்பதை நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' ஆப் சொல்லிவிடும். டெலஸ்கோப் தேவையில்லை, மாடிச் சாவி போதும்.